கடைசி அறுபத்து மூன்று பக்கம்

ஒரகடத்தில், காரின் பக்கவாட்டுக் கண்ணாடிக்கு மூடி செய்யும் கம்பெனி ஒன்றில், முத்துச்செல்வி பன்னிரண்டு வருடமாகக் குறை சொல்லிச் சம்பளம் வாங்குகிறாள். கேலிக்காகச் சொல்லவில்லை, அவளுடைய வேலையே அதுதான். தலைக்கு மேலே நான்கு டியூப் லைட் எரியும் மேசையில் உட்கார்ந்து, வருகிற மூடியையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறல் உண்டா, குமிழ் உண்டா, நிறம் மங்கியிருக்கிறதா. நன்றாக இருந்தால் பச்சை டேக். கொஞ்சம் தேய்த்தால் சரியாகும் என்றால் மஞ்சள். தேறாது என்றால் சிவப்பு. ஒரு மூடிக்குப் பன்னிரண்டு நொடி. அதற்குமேல் பார்த்தால் சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்று இருமுவார்.

அந்தக் கண்ணை ஷிப்டு முடிந்ததும் கையுறையோடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தால் ஒருவருக்கும் தொந்தரவில்லை. அவள் வீட்டுக்கும் கொண்டுவந்தாள். படப்பை கடைத்தெருவில் கால் கிலோ கத்தரிக்காய் பொறுக்க அவள் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் இன்னொருத்தி சமைத்துச் சாப்பிட்டுக் கையும் கழுவியிருப்பாள். நாங்குநேரியிலிருந்து அம்மா அனுப்பிய மாப்பிள்ளை விவரம் ஒன்றை, 'வயது இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருக்கிறது, சரிபார்த்து அனுப்பவும்' என்று திருப்பி அனுப்பினாள். அவர்கள் சரிபார்க்கவும் இல்லை, அப்புறம் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவும் இல்லை. முப்பத்து நாலு வயதில், அதே சோதனை லைனில் வேலை செய்யும் ஊர்க்காரி அன்னக்கிளியோடு அவள் படப்பையில் ஒற்றை அறையில் குடியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் கண்ணுக்கு உண்மையான தீனி புத்தகத்தில்தான் கிடைத்தது. கம்பெனி பஸ்ஸில் படிப்பாள், கேன்டீன் வரிசையில் படிப்பாள், சாம்பாரில் நனையாத தூரத்தில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே படிப்பாள். இன்னது என்று கிடையாது. நாவல், கவிதை, தேனீ வளர்ப்பு, சர்க்கரை நோய்க்காரர்களுக்கான சமையல், ராக்கெட், திருப்புகழ் உரை. சும்மாவும் படிக்க மாட்டாள், பென்சிலோடு படிப்பாள்.

படிக்கிறவள் எழுதவும் செய்தாள். 'மூணாவது சம்பந்தம்' என்று ஒரு நாவலை மூன்று வருடத்துக்கு முன்னால் தானே அச்சுக்குக் கொடுத்து வெளியிட்டாள். இரண்டு சம்பந்தம் தட்டிப்போய் மூன்றாவதில் கல்யாணம் நடக்கும் ஒரு குடும்பத்தின் கதை. இப்படித் தானே எழுதித் தானே அச்சிடுகிறவர்களுக்கு இணையக் கடையில் வாசகர்கள் போடும் நட்சத்திரம்தான் கதி. ஐந்து நட்சத்திரம் வாங்கினால் புத்தகம் மேலே வரும், இல்லாவிட்டால் கிணற்றில் போட்ட கல். அதனால் அவர்கள் எண்பத்தாறு பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். கல்யாண வீட்டு மொய் எப்படியோ அப்படித்தான் அங்கே நடந்தது. நீ எனக்கு ஐந்து வைத்தால் நான் உனக்கு ஐந்து வைப்பேன். புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

முத்துச்செல்வியின் நாவலுக்குப் பதினொரு பேர் ஐந்தைந்தாக வைத்திருந்தார்கள். அண்ணன், மதினி, அன்னக்கிளி, லைன் பெண்கள் ஐந்து பேர், குழுவிலிருந்து மூன்று பேர். 'அருமை', 'மிக அருமை', 'கண்ணீர் வந்தது'. எந்த இடத்தில் கண்ணீர் வந்தது என்று அவள் ஒருவரிடமும் கேட்டதில்லை. ஊரார் எதைச் சொன்னாலும் எந்தப் பக்கம் என்று கேட்கிறவள் அதை மட்டும் கேட்கவில்லை. அது அவளுடைய சாமர்த்தியம் என்றும் சொல்லலாம், பயம் என்றும் சொல்லலாம்.

வாங்கின மொய்யைத் திருப்பி வைக்காதவள் என்ற கெட்ட பெயரும் அவளுக்கு வந்தது. மொய் வைப்பதற்குப் பதிலாக முகநூலில் 'பச்சை மஞ்சள் சிவப்பு' என்று ஒரு பக்கம் ஆரம்பித்து விமர்சனம் எழுதத் தொடங்கிவிட்டாள். அதற்கான விதிகளைக் கம்பெனியில் எழுதி ஒட்டுவதுபோல பீரோக் கதவில் ஒட்டியும் வைத்தாள். முழுசாகப் படிக்காமல் ஒரு வார்த்தை எழுதக் கூடாது என்பது முதல் விதி. எழுதினவர் என்ன செய்ய நினைத்தார் என்று சொல்லிவிட்டுத்தான் அது முடிந்ததா இல்லையா என்று சொல்ல வேண்டும். குறை சொன்னால் பக்க எண் சொல்ல வேண்டும். எழுதினவருடைய முகம், குடும்பம், சாதி எதுவும் வாயில் வரக் கூடாது. அன்னக்கிளி தன் சுடிதாரை எடுக்க பீரோவைத் திறக்கும்போதெல்லாம் இதைப் படிக்க வேண்டியிருந்தது. "சாமி படம் ஒட்டுத இடத்துல சட்டத்த ஒட்டி வச்சிருக்கா" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

விதி போட்டவள் அதன்படியே நடந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். மறைமலை நகர்க்காரர் ஸ்ரீதர் எழுதிய துப்பறியும் நாவலில் கொலைகாரன் நாற்பதாம் பக்கத்தில் இடது கைக்காரன், நூற்று அறுபதாம் பக்கத்தில் வலது கையால் கையெழுத்துப் போடுகிறான். அதை எழுதினாள். ஸ்ரீதர் மூன்று வாரம் அவள் பெயரைச் சொன்னாலே சாப்பாட்டை ஒதுக்கினார், பிறகு சத்தமில்லாமல் திருத்திப் போட்டார். கோலப் புத்தகம் ஒன்று வந்தது. நாற்பது கோலத்தையும் மொட்டை மாடியில் புள்ளி வைத்துப் போட்டுப் பார்த்து, 'பதினேழாவது கோலம் கூடவில்லை, மூன்றாம் வரிசையில் ஒரு புள்ளி குறைகிறது, மற்ற முப்பத்தொன்பதும் அழகு' என்று எழுதினாள். வீட்டுக்காரம்மா மாடியைப் பார்த்து எந்த வீட்டில் கல்யாணம் என்று கேட்டுவிட்டுப் போனார். தேனீ வளர்ப்புப் புத்தகத்துக்கு அவள் போட்ட பச்சையால் அந்தோணிராஜ் என்ற ஆசிரியருக்கு இருநூறு பிரதி கூடுதலாகப் போயிற்று. முத்துச்செல்வி பச்சை போட்டால் நம்பி வாங்கலாம் என்று பேர் வந்துவிட்டது. அந்தப் பேர்மேல் அவளுக்கு ஆசையும் வந்துவிட்டது.

கம்பெனியில் அவளுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். வெளியிலிருந்து வரும் சாமானை மொத்தமாகப் பார்க்க நேரமிருக்காது. ஐம்பது கொண்ட பெட்டியைத் திறந்து ஐந்தை எடுத்துப் பார்ப்பார்கள். ஐந்தும் சரியென்றால் ஐம்பதும் சரி, ஐந்தும் கோளாறென்றால் ஐம்பதும் திரும்பிப் போகும். சட்டப்படி அது சரிதான். ஆனாலும் பார்க்காத நாற்பத்தைந்துக்குக் கையெழுத்துப் போடும்போதெல்லாம் அவள் பேனாவை இரண்டு தடவை மூடித் திறப்பாள். "பாக்காதத பாத்தேன்னு எழுதச் சொல்லுதாவளே" என்று புலம்புவாள்.

அப்படிப்பட்டவள்தான் இந்தக் காரியத்தைச் செய்தாள்.

போன தை மாதம் கேன்டீனில், பேக்கிங் பகுதியில் வேலை செய்யும் மோகனப்ரியா அவள் முன்னால் வந்து நின்றாள். பென்னலூர்ப் பெண், இருபத்திரண்டு வயதிருக்கும். இரண்டு கையாலும் ஒரு புத்தகத்தை நீட்டினாள்.

"அக்கா, நானே போட்ட புக்கு இது. நீங்க ஞாயமா எழுதுவீங்கன்னு சொன்னாங்க. தப்பு எதுனா கீதுன்னா சொல்லுக்கா, நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்."

அட்டையில் 'அம்பது பேர் சாம்பார்' என்றும், கீழே சின்ன எழுத்தில் 'பென்னலூர் பெண்கள் ஹாஸ்டல் கதை' என்றும் இருந்தது. முத்துச்செல்வி வாயில் வைக்கப்போன சோற்றைத் தட்டிலேயே வைத்தாள்.

காரணம் இதுதான். அவளுடைய இரண்டாவது நாவலை நான்கு வருடமாக எழுதிக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து வந்த புதிதில் ஆறு வருடம் அவள் தங்கியிருந்த பென்னலூர் பெண்கள் ஹாஸ்டலைப் பற்றியது. ஐம்பது கட்டில், இரண்டு குளியலறை, தண்ணீராக ஓடும் சாம்பார். பெயர்கூட 'ஐம்பது கட்டில்' என்று வைத்தாயிற்று. இந்த இடத்தைப் பற்றி இதுவரை ஒருத்தரும் எழுதவில்லை, எழுதினால் நான்தான் எழுத வேண்டும் என்று அன்னக்கிளியிடம் நூறு தடவை சொல்லியிருப்பாள். இப்போது யாரோ ஒரு சின்னப் பெண் அதே ஹாஸ்டலை, அதே ஐம்பதை, அதே சாம்பாரை எடுத்துப் புத்தகமாக்கிக் கையில் கொடுத்துவிட்டு, பணிவாக நிற்கிறாள்.

"நீயும் அந்த ஹாஸ்டல்ல இருந்தியா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. எங்க அம்மா பங்கஜம்தான் அங்க சமையல் பண்ணிச்சி. நான் ஸ்கூல் போறதுக்கு முன்னாடி வந்து சாம்பார் பக்கெட்டு தூக்குவேன். உங்களுக்குக்கூட ஊத்தியிருப்பேன்."

முத்துச்செல்விக்கு அந்தச் சமையற்கார அம்மாவைக் கொஞ்சம் நன்றாகவே நினைவிருந்தது. 'ஐம்பது கட்டில்' மூன்றாம் அத்தியாயமே அவரைப் பற்றித்தான். ஒரு நாள் சாயங்காலம் அந்த அம்மா இடுப்பில் துணிப்பையைச் செருகிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனதை மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள். சாம்பார் ஏன் தண்ணீராக இருக்கிறது என்பதற்கு அன்றைக்கே அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. அத்தியாயத்துக்குப் 'பருப்பு போன வழி' என்று தலைப்பு வைத்திருந்தாள். இருக்கிறதிலேயே நல்ல தலைப்பு அதுதான் என்பது அவள் எண்ணம்.

மறுநாள் பஸ்ஸில் மோகனப்ரியாவின் புத்தகத்தைப் பிரித்தாள். குறை தேடும் கண்ணோடுதான் பிரித்தாள், மறுப்பதற்கில்லை. முதல் பத்துப் பக்கத்தில் எழுத்துப்பிழை நான்கு கிடைத்தது, கொஞ்சம் தெம்பு வந்தது. இருபதாம் பக்கத்தில், முதல் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் விடியுமுன் அரைத் தூக்கத்தில் தட்டை நீட்டுவதை, பக்கெட் தூக்கும் சிறுமி அவர்கள் கையை மட்டுமே பார்த்துப் பார்த்து யார் யாரென்று தெரிந்துகொள்வதை எழுதியிருந்தாள். முகம் அவளுடைய உயரத்துக்கு மேலே இருக்கிறது, கைதான் கண்ணுக்கு நேரே வருகிறது. மசி ஒட்டின கை, பிளாஸ்திரி போட்ட கை, மருதாணி அழியாத புதுக் கை. முத்துச்செல்வி புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னல் வழியே லாரிகளைப் பார்த்தாள். ஆறு வருடம் அதே வரிசையில் தட்டை நீட்டியவள் அவள். பக்கெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை நின்று தன் கையைப் பார்க்கிறது என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

புத்தகம் நன்றாக இருந்தது. வயிறு எரிகிற அளவுக்கு நன்றாக இருந்தது. ஐம்பதாம் பக்கம் வந்தபோது பென்சிலைப் பைக்குள் போட்டாள். நூறாம் பக்கத்தில் ஒரு இடத்தில் சிரித்துவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். நூற்று நாற்பதாம் பக்கத்தில், ஹாஸ்டல் பெண்கள் சமையற்காரிமேல் சந்தேகப்பட்டு அவள் பையைச் சோதிக்கத் திரளும் இடத்தில், படிக்க முடியாமல் மூடிவிட்டாள். இதற்குமேல் படித்தால் தன் நான்கு வருடமும் கரைந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. மொத்தம் இருநூற்று மூன்று பக்கம். மீதி அறுபத்து மூன்று.

இரண்டு நாள் கழித்து விமர்சனம் வந்தது. மஞ்சள் டேக், இரண்டரை நட்சத்திரம். 'சிறுமியின் பார்வை சில இடங்களில் ரசிக்கும்படி இருக்கிறது. எழுத்துப்பிழைகள் மலிந்துள்ளன (பக்கம் 3, 5, 8, 9).' மலிந்துள்ளனவாம், நான்கே நான்குதான். அடுத்த வரிதான் முக்கியம். 'கதையின் முடிவில் சமையற்காரி தன் தவறை உணர்ந்து திருந்துவது நம்பும்படியாக இல்லை.' முடிவைப் படிக்கவில்லை. ஆனால் இத்தனை நாவல் படித்த அனுபவத்தில், சந்தேகப்பட்டவள் கடைசியில் அழுது திருந்தாமல் வேறு எங்கே போவாள்? இப்படித்தான் இருக்கும் என்று எழுதிவிட்டாள். அந்த வரிக்குப் பக்க எண் மட்டும் போடவில்லை.

மோகனப்ரியா அதன் கீழே ஒரு கும்பிடு போட்டு, 'நன்றிக்கா' என்று எழுதியிருந்தாள். ஸ்ரீதர் மட்டும், 'எங்கள் குழுவின் நியாயத் தராசு' என்று மூன்று தராசுப் படம் போட்டார். முத்துச்செல்விக்கு அந்த வாரம் முழுவதும் நெஞ்சு கரித்தது. கேன்டீன் சாப்பாட்டைக் குறை சொன்னாள்.

அன்னக்கிளி பத்தாவது படித்ததோடு புத்தகத்துக்குக் கும்பிடு போட்டவள். ஆனால் அந்த ஹாஸ்டலில் அவளும் நான்கு வருடம் இருந்தவள். கட்டில்மேல் கிடந்த புத்தகத்தில் பங்கஜத்தம்மா வருகிறார் என்று தெரிந்ததும், சாப்பிடும்போது இரண்டு பக்கம், துணி காயும்போது நான்கு பக்கம் என்று பத்து நாளில் முடித்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முத்துச்செல்வி தோசைக்கல்லின் முன்னால் நிற்கும்போது, புத்தகத்தோடு வந்து அடுப்பை அணைத்தாள்.

"ஏட்டி, இந்தப் புத்தகத்த நீ படிச்சியா?"

"படிக்காமலா எழுதினேன்?"

"சரி, கடைசில பங்கஜத்தம்மா என்ன ஆனாவ, சொல்லு பாப்போம்."

முத்துச்செல்வி கரண்டியைப் பார்த்தாள். "திருந்தி... மன்னிப்பு கேட்டு..."

"எதுக்குட்டி மன்னிப்பு கேக்கணும்? சாமான் எடுத்துக் குடுத்த காண்ட்ராக்டரு அம்பது பேருக்கு முப்பது பேரு பருப்புதான் குடுத்திருக்கான். அந்தம்மா தெருவுல நாலு வீட்டு ரேஷன் பருப்பக் கேட்டு வாங்கி, பையில கொண்டாந்து போட்டிருக்கு. நாம குடிச்ச சாம்பாருல பாதி பருப்பு அவுக தெருவுப் பருப்புட்டி. திருந்திட்டாவன்னு எழுதி வச்சிருக்க."

"நான் பாத்தேனே, பைய எடுத்துட்டுப் போனாவளே."

"வெறும் பைய எடுத்துட்டுப் போயிருக்காவ. மறுநா காலைல நெறச்சிக் கொண்டாந்திருக்காவ. நீ போம்போது பாத்த, வரும்போது பாத்தியா?" அன்னக்கிளி புத்தகத்தைத் தோசை மாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு, சாமான் சோதிக்கும் ஒரு இன்ஸ்பெக்டர் இன்னொரு இன்ஸ்பெக்டரைத் திட்டக்கூடிய ஆக மோசமான வசவைச் சொன்னாள். "அஞ்சு பீஸ பாத்துட்டு அம்பதையும் ரிஜெக்ட் பண்ணிட்டியேட்டி."

முத்துச்செல்விக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அரை வெந்த தோசையை விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, நூற்று நாற்பதாம் பக்கத்திலிருந்து படித்தாள். மதியம் வரை எழுந்திருக்கவில்லை. பெண்கள் பையைச் சோதித்தபோது அதில் ஒன்றுமில்லாமல் இருந்ததை, அப்போதும் ஒருத்தியும் மன்னிப்புக் கேட்காததை, மறுநாளும் பருப்பு வந்ததை, காண்ட்ராக்டர் மாறியதும் சமையற்காரி வேலையிலிருந்து நின்றதை, பக்கெட் தூக்கிய பெண், தட்டை நீட்டியவர்கள் பார்த்த அதே கம்பெனி வேலைக்கு ஒரு நாள் தானே வந்ததை எல்லாம் படித்தாள். முடிவில் யாரும் திருந்தவில்லை. திருந்த வேண்டியவர்களுக்குச் செய்தியே போய்ச் சேரவில்லை.

பிறகு தன் 'ஐம்பது கட்டில்' கையெழுத்துப் பிரதியை எடுத்து மூன்றாம் அத்தியாயத்தைப் பார்த்தாள். 'பருப்பு போன வழி'. இருக்கிறதிலேயே நல்ல தலைப்பு.

"இது வேண்டாம்னு வச்சிருவேன்" என்றாள்.

"அத நீ வச்சிக்க, வைக்காமப் போ. ஊருக்கு எழுதினதுக்கு என்ன சொல்லப் போற?" என்றாள் அன்னக்கிளி.

அதுதான் கேள்வி. விமர்சனத்தை அழித்துவிடலாம், யாருக்கும் தெரியாது. படிக்காமலே எழுதினேன் என்று சொன்னால் மூன்று வருடமாகச் சம்பாதித்த பேர் ஒரே நாளில் போகும். ஸ்ரீதர் தராசுப் படத்தைத் தலைகீழாகப் போடுவார். மோகனப்ரியாவின் புத்தகம் தன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு 'ஐம்பது கட்டில்' வந்தால் இரண்டாவதாகத்தான் வரும். சாயங்காலம் வரை அறைக்குள் நடந்தாள். பீரோக் கதவு ஒவ்வொரு தடவையும் எதிரே வந்தது. கடைசியில் அன்னக்கிளியிடம், "பையில சிவப்பு டேக் ஏதும் கெடக்கா?" என்று கேட்டாள்.

கிடந்தது. கம்பெனி டேக்கை வீட்டுக்குக் கொண்டுவருவது குற்றம், அதையும் சேர்த்து இன்றைக்கு ஒப்புக்கொண்டால் போயிற்று. அதில் இருந்த கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பினாள். பொருள்: 'அம்பது பேர் சாம்பார்' நாவலுக்கு முத்துச்செல்வி எழுதிய விமர்சனம். குறை: கடைசி 63 பக்கம் பார்க்காமல் பார்த்ததாக எழுதப்பட்டது. காரணம் என்ற கட்டத்தில் இயந்திரம், மூலப்பொருள், ஆய்வாளர் என்று மூன்று அச்சாகியிருக்கும், ஒன்றை வட்டமிட வேண்டும். பன்னிரண்டு வருடத்தில் அவள் ஒரு தடவைகூட வட்டமிடாத மூன்றாவதை வட்டமிட்டாள். படம் எடுத்து முகநூலில் போட்டு, அதன் கீழே புது விமர்சனத்தையும் எழுதினாள். பச்சை டேக். நான்கரை நட்சத்திரம். அரை நட்சத்திரம் எழுத்துப்பிழைக்குப் போயிற்று, நியாயம் நியாயம்தானே. கடைசி வரியாக இப்படி எழுதினாள்: 'இதே இடத்தைப் பற்றி நானும் நான்கு வருடமாக எழுதுகிறேன். இந்தப் புத்தகம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது, அதனால்தான் மூடினேன்.'

ஸ்ரீதர் தராசைத் தலைகீழாகத்தான் போட்டார். குழுவில் இரண்டு நாள் தீபாவளி. முன்பு மஞ்சளும் சிவப்பும் வாங்கினவர்களெல்லாம், 'எங்கள் புத்தகத்தையாவது முழுசாகப் படித்தீர்களா மேடம்?' என்று வரிசையில் வந்தார்கள். படித்திருந்தாள். ஒவ்வொன்றிலும் பக்க எண் இருந்தது. ஆனால் இனி யார் நம்பப் போகிறார்கள்?

செவ்வாய்க்கிழமை கேன்டீனில் மோகனப்ரியாவைத் தேடிப்போனாள். தட்டை வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"மோகனா, மன்னிச்சிரு. உங்க அம்மாகிட்டயும் சொல்லிரு. நான் எழுதினது அவங்க காதுக்கும் போயிருக்குமோ?"

"அய்ய, மொதல்லயே பட்சிக் காட்டிட்டேனே" என்றாள் மோகனப்ரியா. "என்னப் பத்தி இன்னா எழுதிக்கீறாங்கன்னு கேட்டுச்சி. திருந்திட்டாங்கன்னு வந்ததும், 'நான் எப்பம்மா திருந்துனேன்?'னு சிரிச்சிச்சி. அப்பாலிக்கா போயி பருப்பு டப்பாவ தொடச்சி வெச்சிச்சி." தன் தட்டை நகர்த்தி எதிரே இடம் விட்டாள். "நேத்து அந்த சிவப்பு டேக்கையும் பட்சிக் காட்டினேன். உன்னிய ஞாயித்துக்கெழம சாப்பிடக் கூட்டியாரச் சொல்லிச்சி. சாம்பார்தான்."

முத்துச்செல்வி அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அக்கா, இன்னொண்ணு" என்று மோகனப்ரியா பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். முகம் கொஞ்சம் பயந்திருந்தது. "உங்க 'மூணாவது சம்பந்தம்' பட்சேன். மூணு ஸ்டார்தான் குடுத்துக்கீறேன். ஞாயமா எழுதணும்னு... கோச்சிக்காதீங்க."

மூன்று நட்சத்திரம். அந்த நாவலுக்கு ஐந்துக்குக் குறைந்து இதுவரை ஒருவரும் கொடுத்ததில்லை. முத்துச்செல்வி காகிதத்தை வாங்கிப் பையில் போட்டாள், அங்கே பிரிக்கத் தைரியம் வரவில்லை. ஷிப்டு முடிந்து பஸ்ஸில் அன்னக்கிளி பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் பிரித்தாள்.

சின்னச் சின்ன எழுத்து, இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. ஆசிரியர் என்ன செய்ய நினைத்தார் என்று முதலில் எழுதியிருந்தாள். பிடித்த இடங்கள் ஆறு, பக்க எண்ணோடு. அதில் ஒன்று, எழுதும்போது முத்துச்செல்வி தானே கண் கலங்கிய இடம், அதை யாரிடமும் சொன்னதில்லை. பிறகு குறைகள். நான்காவது குறை இப்படி இருந்தது: 'பக்கம் 112-ல் சித்தப்பா பாம்பு கடித்து இறந்துவிடுகிறார். பதினாறாம் நாள் காரியமும் நடக்கிறது. பக்கம் 131-ல் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்கிறார்.'

பையில் எப்போதும் வைத்திருக்கும் தன் நாவலை எடுத்து நூற்று முப்பத்தொன்றைப் புரட்டினாள். வாழையிலைக்கு முன்னால், சந்தனம் பூசிக்கொண்டு, சித்தப்பா உட்கார்ந்திருந்தார். பாயசம்தான் கேட்டார். மூன்று வருடமாக, பதினொரு பேருக்கு முன்னால், ஐம்பத்தைந்து நட்சத்திர வெளிச்சத்தில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

முத்துச்செல்வி சிரிக்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் விழித்துத் திட்டினார்கள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது, அதுவும் நிற்கவில்லை.

"என்னட்டி ஆச்சு? மூணு நட்சத்திரத்துக்கா அழுத?" என்று அன்னக்கிளி அவள் தோளைப் பிடித்தாள்.

"அழலட்டி" என்றாள் முத்துச்செல்வி. "என் புத்தகத்த ஒருத்தி படிச்சிருக்கா."

"நாந்தான் அஞ்சு நட்சத்திரம் போட்டேனே!"

முத்துச்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நூற்று முப்பத்தொன்றாம் பக்கத்தை அவள் மடியில் விரித்து வைத்தாள்.